உப்புக் கோடு

லெஸ்டர்
2025 பெப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சி பஸ்லியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சான் அஸ்கியும் மருமகள் நுஸ்ஹாவும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே குளிர். அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

நுஸ்ஹாவின் எக்ஸ்ரே படங்களை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மாவிடம் காட்டினேன். நான் அங்கே நோயாளர்களின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு மாடி திரிகிறவன். அவரோ எலும்பு வளர்ச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். படத்தைப் பார்த்தவுடனே கதிரையை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார். தாயிடமும் தகப்பனிடமும் ஒளிந்திருந்து பிள்ளையில் வெளிவருகிற ஒரு வகைக் குள்ளத்தன்மை இது. உலகத்தில் மிகச் சில குடும்பங்களில்தான் இருக்கிறதாம். அந்தக் குடும்பங்களைத் தேடித்தான் ஒரு ஆய்வு தொடங்கியிருக்கிறார்கள். சேர்த்துக்கொண்டால் நுஸ்ஹாவின் கழுத்து எலும்பை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்துப் பரிசோதனை தொடங்கும்போது முதலில் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் இடம். இந்த நோயில் உயரத்தைவிடக் கழுத்துதான் பயம், தங்கச்சி. எலும்பு நழுவி நரம்பை நெரித்தால் கைகால் போய்விடும்.

அவர்கள் கேட்பவை: மாதம் ஒருமுறை, ஒரே சுவரில் நிறுத்தி அளந்த உயரம். குடும்ப மரம். உறவினரின் இரத்தம், அதை நான் போன கிழமையே கொடுத்துவிட்டேன். தமிழ்க் குடும்பங்களுக்காகப் படிவங்களையும் நானே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒன்று, அதே குடும்பத்தில் இதே நிலையுள்ள இரண்டாவது ஒருவர் வேண்டும். உயிரோடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவருடைய பெயரும், அவரைக் கண்ணால் கண்ட ஓர் உறவினரின் எழுத்துச் சாட்சியமும் போதும். கடைசித் திகதி செப்டெம்பர் 30. அந்த இரண்டாவது ஆளைப் பற்றி நீ இப்போது யோசிக்க வேண்டாம். வேறு வழி இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

இதை நான் ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கையொப்பம் அசலாக வேண்டும் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

மருமகளுக்கு என் முத்தம்.
காக்கா நிப்றாஸ்

*

சாய்ந்தமருது
2025 மார்ச் 5

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இன்று நோன்பு நாலு. அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். நீங்கள் சஹருக்கு எழும்பி ஏதாவது சாப்பிடுகிறீர்களா, அல்லது ஒரு கோப்பை தண்ணீரோடு படுத்துவிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் பூபாலசிங்கம் அண்ணன், "உங்கட காக்காக்கு மட்டும் இன்னும் போன் கண்டுபிடிக்கல்லயோ புள்ள?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உலகமே முகம் பார்த்துக் கதைக்கிறது. நீங்கள் எடுத்தாலும் படம் இல்லாமல், குரலில் மட்டும்தான் கதைப்பீர்கள். வழுக்கை விழுந்துவிட்டதா என்று அஸ்கி கேட்கிறார்.

படிவத்தை வாசித்து அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கும். "உயரம் மட்டுப்பட்ட நிலையிலுள்ள பங்குபற்றுநர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது மகளை அப்படித்தான் கூப்பிடுகிறார். "பங்குபற்றுநர் சோறு திண்டாச்சோ?"

ஒன்று விளங்கவில்லை. ஏழு வருடமாகத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நுஸ்ஹா பிறந்தே ஐந்து வருடம்தானே?

முதல் அளவு: எண்பத்து நாலு சென்ரிமீற்றர். நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்னறையைத் துப்புரவாக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். மற்ற அறைகளில் எல்லாச் சுவரிலும் அலுமாரி நிற்பதால், அங்கேதான் நிறுத்தி அளந்தேன். அந்தச் சுவரில் சுனாமித் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது, காக்கா. உம்மா மவுத்தாகும் வரை வருடா வருடம் பெயின்ற் அடித்தா. அஸ்கியும் அடித்துப் பார்த்தார். மாரி முடிந்தால் அதே இடத்தில் உப்புப் பூத்து வந்துவிடுகிறது. டேப்பை வைத்துப் பார்த்தேன். தரையிலிருந்து நாலு அடி ஒரு அங்குலம். நுஸ்ஹா வளர்ந்து முடிந்தாலும் மூன்றேகால் அடிதான் வருவாள் என்று இங்குள்ள டொக்டர் சொன்னாரே. அந்தக் கோட்டை அவள் எட்டவே மாட்டாள் என்று நினைத்ததும் எனக்கு டேப்பைச் சுருட்டக் கை வரவில்லை.

பக்கத்துப் பெண்கள் பிள்ளையை வெளியே காட்டாதே என்கிறார்கள். நாளைக்கு இன்னொரு பெண் பிறந்தால் மாப்பிள்ளை எடுப்பது கஷ்டமாம். நான் கேட்காதது போல மா அரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த மாதம் அவளைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பவில்லை. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குடும்ப மரத்தையும் வைத்திருக்கிறேன். உங்கள் துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி பஸ்லியா

*

லெஸ்டர்
2025 ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்திருக்கும். நான் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வழுக்கை இன்னும் விழவில்லை என்று அஸ்கியிடம் சொல்.

நீ அனுப்பிய குடும்ப மரத்தை டொக்டர் அம்மா திருப்பித் தந்துவிட்டார். நம்முடைய ஊர் வழக்கப்படி நீ குடிவழியை எழுதியிருக்கிறாய். உம்மா, உம்மாவின் உம்மா, அவவின் உம்மா என்று பெண்கள் ஏணி போல ஏறிப் போகிறார்கள். இந்தப் பெண்களுக்கெல்லாம் புருஷன்மார் இல்லையா என்று அவர் கேட்டார். குடி தாய் வழியில்தான் வரும் என்று நான் விளங்கப்படுத்தினேன். சந்தோஷப்பட்டார், ஆனாலும் வாப்பாமாரும் வேண்டுமாம். கூடப் பிறந்தவர்களும் வேண்டுமாம், செத்தவர்கள் உட்பட. தெரிந்தவர்களை மட்டும் எழுது. தெரியாததைத் தோண்ட வேண்டாம்.

இன்னொன்று. முன்கூடத்தில் ஒரு அலுமாரியை நகர்த்தி அங்கே வைத்து அளந்தால் நல்லது. பின்னறைத் தரை மட்டமில்லை.

மருமகளைப் பாடசாலைக்கு அனுப்பு, பஸ்லியா. இதை நான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

காக்கா நிப்றாஸ்

*

சாய்ந்தமருது
2025 ஏப்ரல் 27

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெயில் கொளுத்துகிறது, மற்றப்படி சுகம்தான். அங்கே குளிர் குறைந்ததா?

ஒரே சுவரில் அளக்கச் சொன்னதும் நீங்கள்தான், சுவரை மாற்றச் சொல்வதும் நீங்கள்தான். அஸ்கி மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். தரை நல்ல மட்டம். அங்கேயே அளந்தேன். எண்பத்து நாலு புள்ளி மூன்று.

அந்த அறையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கதவின் உட்பக்கத்தில், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில், ஒரு சின்னக் கொண்டி இருக்கிறது. பெயின்ற் மூடிக் கிடந்ததால் நான் கண்டதில்லை. நுஸ்ஹா முதல் நாளே கண்டுபிடித்து நகத்தால் சுரண்டி எடுத்து, உள்ளே போட்டுக்கொண்டாள். பிறகு பார்த்தால் சுவரில் உடுப்புக் கொழுவுகிற ஆணிகளும் அதே உயரத்தில் வரிசையாக இருக்கின்றன. மூலையில் குடம் வைக்கிற கல்லும் அவள் இடுப்பளவுதான். என்னுடைய வீட்டில் எல்லாவற்றுக்கும் முக்காலி தேடுகிற பிள்ளை, அந்த அறையில் ஒன்றுக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. "இது எனக்கு அளவா செஞ்சிரிக்கி உம்மா" என்கிறாள்.

மற்றது, உங்களுக்குச் சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்குக் கிட்ட அந்தக் கதவில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மூன்று. முதலில் நுஸ்ஹாதான் சொன்னாள், "ஆரோ கீழ தட்டுறாங்க" என்று. முன்கூடத்தில் அவளை மடியில் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது நானும் கேட்டேன். சத்தம் உள்ளேயிருந்து வருகிறது. ஆள் உயரத்தில் இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அஸ்கி கதவைக் கழற்றிப் பார்த்து, கறையான் என்கிறார். கறையானுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெரியும்?

நான் பயந்தவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் முன்பு யார் இருந்தார்கள், காக்கா?

தங்கச்சி பஸ்லியா

*

லெஸ்டர்
2025 மே 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். அளவு கிடைத்தது, கொடுத்துவிட்டேன்.

பழைய வீடுகளில் சத்தம் வரும். அந்தக் கொண்டி ஆட்டுக்குட்டி அடைப்பதற்குப் போட்டதாக இருக்கும். நுஸ்ஹாவை வேறு அறையில் படுக்க வை.

காக்கா நிப்றாஸ்

*

சாய்ந்தமருது
2025 ஜூன் 15

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியில் உங்களுக்கும் ஒரு பங்கு நினைத்துக்கொண்டோம். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுகம் என்று எழுத இம்முறை எனக்கு மனம் வரவில்லை. நுஸ்ஹா காலையில் எழும்பும்போது கை விறைக்கிறது என்கிறாள். இரண்டு தரம் கரண்டியைப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்தை ஸ்கேன் எடுத்து, இந்த நோய் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். நீங்கள் சொன்ன பயம் வந்துவிட்டது. அந்த ஆய்வில் இவளுக்கு இடம் கிடைக்க வேண்டும், காக்கா. வேறு ஒன்றையும் நான் இப்போது துஆவில் கேட்பதில்லை.

அதனால்தான் தோண்டாதே என்று நீங்கள் சொன்னதைத் தோண்டினேன். ஆட்டுக்குட்டி உள்ளே நின்றுகொண்டு கொண்டி போடுமா?

பள்ளியில் நம்முடைய குடியின் பழைய பெயர் இடாப்பு இருக்கிறது. 1980ஆம் ஆண்டு எழுதினது. உம்மாவின் உம்மா பெயருக்குக் கீழே "பெண்மக்கள் இருவர்" என்று இருக்கிறது. ஒன்று ஆசியா உம்மா, நம்முடைய உம்மா. மற்றது செய்னம்பு, வயது பதினான்கு. உம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வாக்காளர் இடாப்பில் அந்தப் பெயர் இல்லை. கலியாணப் பதிவு இல்லை. மரணப் பதிவும் இல்லை. சின்ன வயதில் குடிக் கணக்கில் சேர்த்தவர்கள், பிறகு எங்கேயும் சேர்க்கவில்லை.

பெயரை விரலால் தடவி மறுபடியும் வாசித்தேன். ஏனென்றால் செய்னம்புவை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்னோடு விளையாட ஒரு பிள்ளை இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். பின்னறையில் பாயில் இருந்து சோகி போட்டு விளையாடுவோம். அவளுடைய உள்ளங்கை சொரசொரப்பாக, உம்மாவின் கையைப் போல இருக்கும். குரலும் பெரிய ஆளின் குரல். பிறகு அவள் எங்கே என்று உம்மாவிடம் கேட்டபோது, "அப்பிடி ஒருத்தரும் இல்ல மகள், காய்ச்சலுக்குள்ள கனவு கண்டிரிக்கிறாய்" என்றா. நான் அதை நம்பி இருபது வருடம் இருந்துவிட்டேன்.

அது பிள்ளை இல்லை. அது நம்முடைய சாச்சி. இல்லையா, காக்கா?

உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள்.

தங்கச்சி பஸ்லியா

*

சாய்ந்தமருது
2025 ஜூலை 28

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. பூபாலசிங்கம் அண்ணன் நான் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். போனையும் எடுக்கிறீர்கள் இல்லை. சுகமாக இருக்கிறீர்கள் என்பதையாவது ஒரு வரியில் எழுதுங்கள்.

மரணப் பதிவு இல்லாதவர் எங்கே போயிருப்பார் என்று யோசித்து, மீராசா காக்காவிடம் போனேன். சுனாமி அன்று மையவாடியில் நின்று அடக்கம் செய்தவர்களில் அவர் ஒருவர். யாராவது பிறகு தேடி வருவார்கள் என்று, பெயர் தெரியாத மையித்துகளின் அடையாளத்தை ஒரு தடித்த சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சேறு பட்ட பக்கங்கள். பதினேழாவது வரியை அப்படியே எழுதுகிறேன்.

"பெண் பிள்ளை. ஏழு வயது மதிக்கலாம். நீலப் பூச்சட்டை. இரண்டு காதிலும் ஐந்தைந்து துளை. தலையில் நரை. கொண்டுவந்தவன் ஒரு பொடியன், பெயர் சொல்லவில்லை."

நரை என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறார். "ஏழு வயசுப் புள்ளைக்கு நரை எப்பிடி வரும் எண்டு அண்டைக்கு யோசிக்க நேரமில்ல மகள். மறுகா யோசிச்சி யோசிச்சி எனக்கு உறக்கம் போயிட்டு" என்றார். காதில் அப்படி வரிசையாகக் குத்துவது உம்மாமார் காலத்து வழக்கம், நம்முடைய காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை என்பதையும் அவர் பிறகுதான் நினைத்தாராம். அந்தப் பொடியனின் முகம் முழுக்கச் சேறு. கிட்ட வரவும் இல்லை, போகவும் இல்லை, அடக்கி முடியும் வரை வேப்பமரத்தடியில் நின்றான் என்றார்.

பிள்ளைகளுக்குரிய தொழுகையைத்தான் தொழுதார்களாம். பிள்ளை மவுத்தானால் அதற்காக நாம் மன்னிப்புக் கேட்பதில்லை. தாய் தகப்பனுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும்படி கேட்போம். முப்பத்தெட்டு வயதான ஒரு பெண்ணுக்கு அதைக் கேட்டு மண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

நுஸ்ஹாவின் அளவு எண்பத்து ஐந்து. வலது கை இன்னும் விறைக்கிறது. செப்டெம்பர் முப்பதுக்கு இரண்டு மாதம்.

தங்கச்சி பஸ்லியா

*

லெஸ்டர்
2025 ஓகஸ்ட் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வேலை கூட.

மீராசா காக்கா வயதானவர். அந்த நாளில் யாருக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு ஆளைக் கட்டியெழுப்ப முடியாது. கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் ஆய்வுக்காரர் ஏற்கவும் மாட்டார்கள். வேறு நாட்டில் இன்னொரு ஆய்வு இருப்பதாகக் கேள்வி. அடுத்த வருடம் தொடங்கலாம். அதைப் பார்ப்போம்.

காக்கா நிப்றாஸ்

*

சாய்ந்தமருது
2025 ஓகஸ்ட் 30

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அடுத்த வருடம் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நேற்று நுஸ்ஹா கிணற்றடியில் நடந்து வரும்போது கால் மடங்கி விழுந்தாள். கல்லில் தடுக்கவில்லை. வெறுமனே மடங்கியது.

வாப்பா இல்லை, உம்மா இல்லை. நமது ஒழுங்கையில் இருந்தவர்களில் பாதிப்பேர் இந்த இருபது வருடத்தில் மவுத்தாகிவிட்டார்கள், மிச்சப்பேர் சுனாமி வீட்டுத்திட்டத்துக்குப் போய்விட்டார்கள். போனவர்களிடமும் விசாரித்தேன். ஒருவரும் அவவைக் கண்டதில்லை. நானோ அன்று ஐந்து வயதுப் பிள்ளை, நான் சொல்வது சாட்சியாகாது என்று உங்கள் படிவத்திலேயே இருக்கிறது. நீங்கள் மட்டும்தான் மிச்சம். அன்று உங்களுக்குப் பதினைந்து வயது. எனக்குக் கனவு என்று சொன்னது போல உங்களுக்கும் சொல்லியிருக்க முடியாது.

ஏழு வருடமாக யாருக்காகத் தேடினீர்கள்? ஏன் படம் இல்லாமல் கதைக்கிறீர்கள்? என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர் தெரியும் என்றா? ஏன் ஊரைவிட்டுப் போனதிலிருந்து, உம்மாவின் ஜனாஸாவுக்குக்கூட இந்த வீட்டுக்கு வரவில்லை?

அந்தப் பொடியன் நீங்கள்தான். அது எனக்குத் தெரியும். மிச்சத்தைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுங்கள். எனக்காக இல்லை, இவளுடைய கழுத்துக்காக.

பஸ்லியா

*

லெஸ்டர்
2025 செப்டெம்பர் 14

தங்கச்சிக்கு,

உன் மீதும் உன் வீட்டின் மீதும் சாந்தி உண்டாகட்டும். இதை நீ வாசிக்கும்போது அஸ்கி பக்கத்தில் இருக்கட்டும்.

செய்னம்பு சாச்சி மூன்று அடி இரண்டு அங்குலம். நன்றாக ஓதுவா, ஐந்து நேரமும் தொழுவா, பாய் இழைப்பா. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா, சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று. முதலில் உம்மாவின் கலியாணத்துக்காக அவவை ஒளித்தார்கள். பிறகு நீ பிறந்தாய். வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் என்று உனக்காக ஒளித்தார்கள். அவ தன்பாட்டில் கதவைப் போட்டுக்கொள்ள உள்ளே கொண்டியைப் போட்டுக் கொடுத்தவர் வாப்பா. வெளியே, மேலே, இன்னொரு கொண்டி இருந்தது. நாங்கள் வெளியே போகும்போது உம்மா அதைப் போட்டுவிடுவா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாப்பாவும் உம்மாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்கு விடியவே போய்விட்டார்கள். வெளிக் கொண்டி போட்டிருந்தது. நான் முன்கூடத்தில் இருந்தேன். ஒன்பது மணி ஆகவில்லை. கடல் வருகிறது என்று சனம் கத்திக்கொண்டு ஓடியது. சாச்சி கதவின் கீழே தட்டினா. மூன்று தட்டு. "என்னடா மனே சத்தம்? கதவத் தொற" என்றா. மறுபடியும் மூன்று தட்டு.

அது பூட்டு இல்லை, பஸ்லியா. கையை உயர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். என் கைக்கு எட்டும் உயரம்.

"வாறன் சாச்சி" என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன்.

ஒழுங்கை முனையில் தண்ணீர் என்னைப் பிடித்தது. மதிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு வரைதான் வந்தது. நமது பக்கம் அவ்வளவுதான் வந்தது. பெரிய ஆட்கள் நின்றே பிழைத்தோம். அந்தக் கோட்டின் அளவை நீ மார்ச் மாதம் எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் முழுதாக வாசிக்க நாலு நாள் எடுத்தது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் போய்க் கொண்டியைத் திறந்தேன். அவவைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிப் பக்கம் போனேன். பிள்ளைகளை ஒரு வரிசையில் கிடத்தியிருந்தார்கள். அந்த வரிசையில் வைத்தேன். "ஆர்ர புள்ள இது மனே?" என்று மீராசா காக்கா கேட்டார். "தெரியா" என்றேன். அவவின் பெயரைச் சொன்னால் ஒளித்தது வெளியே வரும், ஏன் அறைக்குள் இருந்தா என்று கேள்வி வரும், பிறகு அந்தக் கொண்டிக்கு வரும். உம்மா வந்து வெறும் அறையைப் பார்த்தா. திறந்து தொங்கிய கொண்டியைப் பார்த்தா. நான் திறந்துவிட்டும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று நம்பினா. சாகும் வரை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் இங்கே ஒரு கோப்பில் சாச்சியைப் போல ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்தேன். மூன்றடி உயரம்தான், ஆனால் அவ டொக்டராக வேலை செய்கிறவ என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து தேடினேன். நுஸ்ஹா பிறந்தபோது, இது அல்லாஹ்விடமிருந்து எனக்கு வந்த கேள்வி என்று நினைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என் வாயைத் திறக்காமலே பிள்ளையைச் சேர்த்துவிடலாம் என்று ஏழு மாதமாக எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தேன்.

சாட்சியத்தை எழுதி வெள்ளிக்கிழமை நானே கையில் கொடுத்துவிட்டேன். பெயர், உயரம், வயது, மரணித்த விதம். கொண்டியையும் எழுதினேன். அது தேவையில்லை என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

நிப்றாஸ்

*

சாய்ந்தமருது
2025 நவம்பர் 2, ஞாயிறு

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு கிழமை சுணங்கிவிட்டது. உங்கள் கடிதத்துக்கு என்ன சலாம் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை. நீங்கள் சாப்பிட்டு, தொழுது, வேலைக்குப் போய் வருகிறீர்களா? அதை முதலில் எழுதுங்கள்.

நுஸ்ஹாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அறிவித்தல் வந்தது. அவசரம் என்று போட்டு, ஸ்கேனை முன்னுக்கு எடுத்திருக்கிறார்கள். இருபதாம் திகதி கொழும்புக்குப் போகிறோம். அதுவரை கழுத்துக்கு ஒரு பட்டி போட்டிருக்கிறாள். அந்தப் பட்டியோடு பாலர் பாடசாலைக்கும் போகிறாள். முதல் நாள் சனம் பார்த்தது. நானும் திருப்பிப் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை.

நான் உங்கள் மீது கோபமாக இருக்கிறேன், காக்கா. பதினைந்து வயதுப் பிள்ளை ஓடியதற்கு எனக்குக் கோபம் இல்லை. முப்பத்தாறு வயது மனிசன் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத்தான். இந்தக் கோபம் எப்போது போகும் என்று தெரியாது. ஆனால் அவவை ஒளித்தது எனக்காக. அதையும் நான் தினமும் நினைக்கிறேன். நான் மாப்பிள்ளை எடுத்து வாழ்கிற இந்த வீட்டின் விலை அவதான்.

மீராசா காக்காவிடம் பெயரைச் சொன்னேன். கொப்பியை எடுத்து, பதினேழாம் வரியில் "பிள்ளை" என்றிருந்ததை வெட்டி, செய்னம்பு என்று எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் அழுதார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பெரிய ஆளுக்குத் தொழுகிற ஜனாஸாத் தொழுகையை மறுபடியும் தொழுதார்கள். பள்ளியில் பெயர் சொல்லி அறிவித்தார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு என்றாலும் ஊர் முழுக்க அவவின் பெயரைக் கேட்டது.

வெளிக் கொண்டி இருந்த இடத்தில் இப்போது இரண்டு துளை மட்டும் இருக்கிறது. அந்தக் கொண்டியை உம்மா எப்போதோ கழற்றியிருக்கிறா. உள்ளே இருக்கிற சின்னக் கொண்டியை நாங்கள் விட்டுவிட்டோம். அது நுஸ்ஹாவுடையது.

தொழுகை முடிந்த வாரத்திலிருந்து கதவில் சத்தம் இல்லை. மூன்று ஞாயிறு போய்விட்டது. உங்கள் கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் நுஸ்ஹாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அஸ்கியும் சொல்லவில்லை. இன்று காலை ஒன்பது மணிக்குத் தலை பின்னும்போது, "இப்ப ஒருத்தரும் தட்டுறல்லயே மகள்?" என்று சும்மாதான் கேட்டேன்.

"அவ இஞ்ச இல்ல உம்மா. மாமாட வீட்ட போயிட்டா. அங்க தட்டுறா" என்றாள்.

பின்னலை முடித்து, றிபன் கட்டிவிட்டு, உடனே இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் எது எப்படி என்று எனக்குத் தெரியாது. பயப்படுத்தவும் எழுதவில்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன். தட்டினால், வாறன் என்று சொல்லிவிட்டு இருக்காதீர்கள். எழும்பிப் போய்த் திறந்துவிடுங்கள்.

தங்கச்சி பஸ்லியா